மனச்சோர்வு மாத்திரையும் நம் சுறுசுறுப்பும்: எது நோய், எது மருந்து?

(காலாண்டு நலவாழ்வுச் சந்திப்பில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற மனநல மருத்துவர் சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இறுதியில் கேட்கப்பட்ட சில கேள்விகளும் பதில்களும் சேர்க்கப்பட்டுள்ளன. – ஆசிரியர் குழு)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகும் இத்தனை பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றி.

செயற்குழுவினர் என்னை "மன அழுத்தம் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். அது பெரிய தலைப்பு. அதிலிருந்து ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவருடைய ஞாபகம், கவனம், கைகால் இயக்கம் எல்லாம் எப்படி இருக்கும்? அவர் வண்டி ஓட்டலாமா? ஆபீஸ் வேலை, பரீட்சை பாதிக்குமா? வயதானவர் என்றால் கீழே விழுவாரா?

இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், என் வெளிநோயாளர் அறையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்: "மாத்திரை போட்டா மந்தமா இருக்கு டாக்டர், அதனால நானே நிறுத்திட்டேன்." அப்படி நிறுத்தியவர்களில் பலர், சில மாதங்களில் முன்பைவிட மோசமான நிலையில் திரும்பி வந்தார்கள். மறுபக்கம், முதல் நாள் இரவு புது மாத்திரையை விழுங்கிவிட்டு, மறுநாள் காலை அரைத் தூக்கத்தில் குழந்தையை ஸ்கூட்டரில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். தேவையில்லாத பயம் ஒரு பக்கம், தேவையான எச்சரிக்கை இல்லாமை இன்னொரு பக்கம். இரண்டுமே ஆளைக் கவிழ்க்கும்.

ஒரு சொல் விளக்கம். நம் பத்திரிகைகளில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை ஸ்ட்ரெஸ்ஸுக்கும் எழுதுகிறார்கள், டிப்ரெஷனுக்கும் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு. வேலை நெருக்கடி ஸ்ட்ரெஸ். டிப்ரெஷன் என்பது இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஒட்டிக்கொண்டு, தூக்கம், பசி, ஆர்வம், யோசனை எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும் நோய். அதை நான் 'மனச்சோர்வு' என்றே சொல்கிறேன். 2015–16ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த நோய் வந்திருக்கிறது. நம் பிளாக்கில் எத்தனை வீடு, எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மந்தம் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாத்திரை எதுவும் சாப்பிடாத மனச்சோர்வு நோயாளியே மந்தமாகத்தான் இருப்பார். அது நோயின் அடையாளம். நடை மெதுவாகும். பேச்சில் இடைவெளி விழும். கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். பல் துலக்குவதும் குளிப்பதும் மலை ஏறுவது போலத் தோன்றும். இதன் மறுமுகமும் உண்டு. சிலருக்கு உட்கார முடியாது, கையைப் பிசைந்துகொண்டே வீட்டுக்குள் நடப்பார்கள்.

யோசனையும் அப்படியே. செய்தித்தாளில் ஒரே பத்தியை மூன்று தடவை படித்தும் மனதில் நிற்காது. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று தெரியாது. என்ன சமைப்பது என்ற முடிவுகூடக் கடினமாகும். வயதானவர்களிடம் இது எவ்வளவு தீவிரமாக வரும் என்றால், குடும்பத்தார் ஞாபக மறதி நோய் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்தால் ஞாபகம் பெருமளவு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மறதி என்றால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

இந்த மந்தத்தை அளக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. 1 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறியீடு கொடுத்திருப்பார்கள். கீழே கட்டம் கட்டமாக எண்கள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய குறியீட்டை எழுத வேண்டும். பெரும்பாலும் 90 விநாடிதான் நேரம். குழந்தை விளையாட்டு போலத் தெரியும். ஆனால் கண், கை, கவனம், ஞாபகம், வேகம் ஐந்தும் சேர்ந்தால்தான் மதிப்பெண் வரும். மனச்சோர்வு உள்ளவர்கள் இதில் பின்தங்குகிறார்கள். நோய் குறையக் குறைய மதிப்பெண் ஏறுகிறது. அதாவது, சரியான மாத்திரை பலருக்கு மூளையின் வேகத்தைத் திருப்பித் தருகிறது.

மாத்திரையும் மந்தத்தை உண்டாக்கலாம் என்பதும் உண்மைதான். எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல

மனச்சோர்வுக்கான மருந்துகள் 1950களில் தற்செயலாகக் கிடைத்தவை. காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிட் நோயாளிகளை உற்சாகப்படுத்தியதைக் கவனித்தார்கள். 1957ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோலண்ட் கூன் இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வில் வேலை செய்வதை வெளியிட்டார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் ஊரில் இன்றும் நிறைய எழுதப்படும் அமிட்ரிப்டிலின்.

இந்தப் பழைய குடும்பம் நல்ல பலன் தரும். ஆனால் இலக்கு மட்டுமல்லாமல் வழியில் இருப்பதையும் தொட்டுவிட்டுப் போகும். மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினை மறிக்கும். அதனால் சளி மாத்திரை போட்ட மாதிரித் தூக்கம் வரும். ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலினை மறிக்கும். அதனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், கிட்டத்து எழுத்து மங்கும், வயதானவர்களுக்குக் குழப்பமும் மறதியும் வரலாம். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், தலை சுற்றும்.

இதில் கவனிக்க வேண்டியது, அமிட்ரிப்டிலினை ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் 10 மில்லிகிராம் அளவில் கொடுக்கிறார்கள். "நான் மனநல மாத்திரை எதுவும் சாப்பிடவில்லையே" என்று நினைத்துக்கொண்டிருப்பவரின் டப்பாவிலேயே அது இருக்கலாம். காலையில் தலை கனமாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது, 1987ன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளுவாக்ஸெடினும் அதைத் தொடர்ந்து வந்த செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம், பராக்ஸெடின் முதலியவையும். செரட்டோனினைக் குறிவைப்பவை. இவற்றால் பொதுவாகத் தூக்கக் கலக்கம் குறைவு. முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், பதற்றம், தூக்கமின்மை, விரல் நுனியில் லேசான நடுக்கம் வரலாம். சிலர் நீண்ட நாளில் "அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்பார்கள். அதுவும் மருந்தின் விளைவாக இருக்கலாம். அளவை மாற்றினால் பலருக்குச் சரியாகும். ஆனால் அதை மருத்துவரிடம் சொன்னால்தானே தெரியும்!

மிர்டாசபின் இன்னொரு வகை. தூக்கமும் பசியும் போனவர்களுக்கு இரவில் கொடுப்பது. தூக்கம் வரவழைப்பதே அதன் குணம் என்பதால் ஆரம்ப நாட்களில் மறுநாள் காலையும் அந்தக் கலக்கம் இருக்கும்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. வீட்டுக்குப் போனதும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் எஸ்சிடாலோபிராமும் குளோனாசெபாமும் சேர்ந்த ஒரே மாத்திரை ஏராளமாக விற்கிறது. குளோனாசெபாம் மனச்சோர்வுக்கான மருந்தே அல்ல. பதற்றத்தையும் தூக்கமின்மையையும் உடனே தணிக்கக் கொடுப்பது. அல்பிரசோலம், எடிசோலம், டயசெபாம் எல்லாம் இதன் உறவுகள். கவனம், புதிய ஞாபகம், கால் சமநிலை மூன்றையும் தெளிவாகக் குறைப்பவை இவைதான். குளோனாசெபாம் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 30 முதல் 40 மணி நேரம் ஆகும். நேற்று இரவு 10 மணிக்குப் போட்டது, இன்று இரவு அடுத்ததைப் போடும்போது பாதிக்கு மேல் இன்னும் உள்ளே இருக்கும். அதன்மேல் இன்னொன்று சேர்கிறது.

ஆகவே "மனச்சோர்வு மாத்திரை என்னை மந்தமாக்குகிறது" என்று சொல்கிறவர்களில் பலரை மந்தமாக்குவது அந்த அட்டையில் இருக்கும் இரண்டாவது பெயர். முதல் சில வாரங்களுக்கு மட்டும் என்று தொடங்கியதை, பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதற்காக இன்றிரவே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீண்ட நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் "இந்த இரண்டாவது மருந்து எனக்கு இன்னும் வேண்டுமா? படிப்படியாகக் குறைக்கலாமா?" என்று கேளுங்கள்.

வண்டி ஓட்டலாமா?

இந்தக் கேள்வியை நெதர்லாந்துக்காரர்கள் சாலையிலேயே வைத்துச் சோதித்தார்கள். 1980களில் ஜேம்ஸ் ஓ'ஹேன்லன் என்பவர் குழுவினர் உருவாக்கிய முறை. மருந்து சாப்பிட்டவர் நிஜமான நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் தூரம், மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில், தன் தடத்தை விட்டு விலகாமல் ஓட்ட வேண்டும். பக்கத்தில் பயிற்சியாளர், அவர் காலடியில் இன்னொரு பிரேக். கார் இப்படியும் அப்படியும் எவ்வளவு அலைகிறது என்பதை ஒரு கருவி பதிவு செய்யும். அலைச்சல் கூடினால் கட்டுப்பாடு குறைகிறது என்று பொருள்.

இதில் ஒரு நல்ல வசதி, மதுவோடு ஒப்பிடலாம். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருந்தால் அலைச்சல் சராசரியாகச் சுமார் 2.4 செ.மீ. கூடுகிறது. சின்ன எண்தான். ஆனால் அது முழுப் பயணத்தின் சராசரி. நடுவில் ஓரிரு முறை கார் எவ்வளவு விலகியிருக்கும் என்று யோசியுங்கள்.

முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமிட்ரிப்டிலின் போன்ற தூக்கம் தரும் மருந்துகளின் முதல் வேளைகளில் ஓட்டம் கெட்ட அளவு, 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது இருப்பவருக்கு ஒப்பாக இருந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் மதுவின் வரம்பு 30 மில்லிகிராம்தான். ஆனால் அதே மருந்தை ஒரு வாரம் தொடர்ந்து சாப்பிட்ட பிறகு உடம்பு பெரும்பாலும் பழகிக்கொண்டது. வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தது. ஃபுளுவாக்ஸெடின் வகை மருந்துகள் தனியாகச் சாப்பிடும்போது ஓட்டத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. அவற்றோடு டயசெபாம் வகை சேர்ந்தால் கெடுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைகளில் பலவற்றில் ஓட்டியவர்கள் நோயில்லாத தன்னார்வலர்கள். பிறகு நோயாளிகளையே ஓட்டவைத்துப் பார்த்தபோது, சிகிச்சையே எடுக்காத மனச்சோர்வும் ஓட்டத்தைக் கெடுப்பது தெரிந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டால் பாதுகாப்பாக ஓட்டலாம் என்ற கணக்கு அங்கேயே தப்பாகிறது.

நம் சாலைக்கு ஒரு கணக்கு. டூவீலர் 40 கி.மீ. வேகத்தில் போனால் விநாடிக்கு 11 மீட்டர். பிரேக் பிடிக்கக் கை அரை விநாடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர் கூடுதலாகப் போயிருப்போம். ஏறக்குறைய ஒரு காரைவிட நீளமான தூரம். நம் பேஸ்மென்ட் சரிவில் அவ்வளவு வேகம் இல்லை என்றாலும், அங்கே சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு மதுவுக்கு மட்டுமல்ல. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் பிடியில் இருந்தாலும் குற்றம்தான். மாத்திரை சாப்பிடுவது குற்றம் இல்லை. தள்ளாடும் நிலையில் சாவியை எடுப்பதுதான் குற்றம்.

நடைமுறையில் நான் சொல்வது இவ்வளவுதான்:

– புது மாத்திரை தொடங்கினாலோ அளவைக் கூட்டினாலோ, முதல் ஒன்றிரண்டு வாரம் வண்டி ஓட்டாதீர்கள். ஆட்டோ, பக்கத்து வீட்டுக் கார், பள்ளி வேன் என்று முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

– அதன் பிறகும், காலையில் தலை கனம், மங்கல், தடுமாற்றம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று நமக்கே தோன்றுவதை நம்ப முடியாது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்குத் தன் கலக்கம் முழுதாகத் தெரிவதில்லை. வீட்டிலிருப்பவர் சொல்வதைக் கேளுங்கள்.

– மருத்துவரிடம் முதல் நாளே "நான் தினமும் வண்டி ஓட்டுகிறவன்" என்று சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற மருந்தை அவர் தேர்ந்தெடுக்க முடியும், அல்லது சாப்பிடும் நேரத்தை மாற்ற முடியும்.

– மது வேண்டவே வேண்டாம். ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டாக அல்ல, மூன்றாக வரும்.

– சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையும் தூக்கம் தரும். குளோர்பெனிரமின் உள்ளவை நிறைய. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவதாகக் கடைக்காரரிடம் சொல்லி வாங்குங்கள். டிரமடால் என்ற வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெதார்பன் உள்ள இருமல் சிரப் இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். செரட்டோனின் அளவு மீறி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் வரலாம்.

பெரியவர்கள் உள்ள வீடுகளுக்கு

60, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு என் பெரிய கவலை கார் அல்ல, குளியலறை. இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுகிறார்கள். தூக்க மாத்திரையின் பிடி விடவில்லை. எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குகிறது. விளக்கு இல்லை. தரை ஈரம். இடுப்பு எலும்பு முறிவு என்பது அந்த வயதில் பலரைப் படுக்கையில் தள்ளிவிடும்.

மனச்சோர்வு மருந்துகளில் எந்த வகையும் வயதானவர்கள் விழும் வாய்ப்பைக் கூட்டலாம்.  பி.பி. மாத்திரையும் புராஸ்டேட்டுக்கான மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

சோடியம் குறைவது இன்னொரு காரணம். ஃபுளுவாக்ஸெடின், எஸ்சிடாலோபிராம் வகைகள் சில முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும். பி.பி.க்காகக் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற நீர் மாத்திரையும் சாப்பிட்டால் அபாயம் கூடுதல். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், திடீர்க் குழப்பம் என்று தொடங்கும். வீட்டில் "மாத்திரை சரிப்படவில்லை" என்பார்கள், அல்லது "வயசு" என்பார்கள். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தொடங்கிய சில வாரங்களுக்குள் சோடியம் பார்க்க வேண்டுமா என்று நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.

லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். விரல்களில் மெல்லிய நடுக்கம் சகஜம். அந்த நடுக்கம் பெரிதாகி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிட்டது என்று பொருள் கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெயில், வயிற்றுப்போக்கு, ஐபுபுரோஃபன் அல்லது டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை இவையெல்லாம் லித்தியத்தை ஏற்றிவிடும். சித்திரை வெயிலில் இதை மறக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை எளிது. படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு. எழும்போது முதலில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நிற்பது. குளியலறையில் கைப்பிடி. எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரே மருத்துவரிடம் காட்டுவது. இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று பார்க்கிறோம். முழுப் பையையும் யாராவது ஒருவர் பார்க்க வேண்டாமா?

முதல் மாதம்தான் சோதனைக் காலம்

இந்த மருந்துகளில் ஒரு கஷ்டம், பக்கவிளைவு முதலில் வரும், பலன் பிறகு வரும். குமட்டலும் கலக்கமும் முதல் நாளே தெரியும். மனம் தேற இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலன் தெரிய அதற்கு மேலும் ஆகும். இடைப்பட்ட அந்த நாட்களில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த நாட்களில் குடும்பத்தார் கவனிக்க வேண்டிய தீவிரமான விஷயம் ஒன்று உண்டு. சிலருக்கு உடம்பின் வேகம் முதலில் திரும்பும், மனத்தின் இருட்டு பிறகுதான் விலகும். படுக்கையை விட்டு எழவே முடியாமல் இருந்தவருக்கு எழுந்து நடக்கத் தெம்பு வந்துவிடும், ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம் இன்னும் போயிருக்காது. வேறு சிலருக்கு மருந்தே ஒரு பதற்றத்தையும் இருப்புக்கொள்ளாமையையும் கொடுக்கும். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இதைக் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தனி எச்சரிக்கையே போடச் சொல்லியிருக்கிறது. ஆகவே "பரவாயில்லை, எழுந்து நடமாடுகிறான்" என்று முதல் மாதத்தில் நிம்மதியாகிவிடாதீர்கள். கூடவே இருங்கள். மாத்திரை அட்டைகள் முழுவதும் அவர் கையில் இல்லாமல் வீட்டில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கும்.

அரசின் டெலி மனஸ் சேவை எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம். நம் செக்யூரிட்டி அறையிலும் நோட்டீஸ் போர்டிலும் இந்த எண்ணை எழுதி வைக்கச் செயலாளரைக் கேட்டிருக்கிறேன்.

நிறுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதமாவது தொடர்வது வழக்கம். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு இன்னும் நீளும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வு வரலாம். பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் இவற்றில் அதிகம். ஃபுளுவாக்ஸெடினும் அதன் விளைபொருளும் உடம்பை விட்டுப் போகப் பல நாட்கள் ஆவதால் அதில் குறைவு. எதுவானாலும் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

கடைசியாக அக்கம்பக்கத்தாராகிய நமக்கு. இப்போது மாத்திரை செக்யூரிட்டி மேஜைக்கு வருகிறது. உறையில் பெயரும் பிளாட் நம்பரும் இருக்கிறது. மனநல மருத்துவமனை முத்திரை இருந்தால் மாலைக்குள் நடைப்பயிற்சிக் குழுவுக்கே தெரிந்துவிடுகிறது. இதற்குப் பயந்து சீட்டை எடுத்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் தள்ளிப் போய் மருந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்க முடியாத நாளில் மருந்து விட்டுப்போகிறது. மருந்து உறைகளை மூடிய பையில் வைத்து நேராக வீட்டுக்கே அனுப்புவது என்று சங்கம் ஒரு விதி வைத்தால் நன்றாக இருக்கும். ஒருவர் "பத்து நாள் நான் வண்டி ஓட்டக் கூடாது, என் பெண்ணையும் பள்ளியில் இறக்கிவிடுகிறீர்களா?" என்று கேட்டால், ஏன் என்று கேட்காமல் இறக்கிவிடுங்கள். அது பெரிய வைத்தியம்.

கேள்வி நேரத்திலிருந்து

*டாக்டர், என் மகன் நீட் தேர்வுக்குப் படிக்கிறான். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். படிப்பு மந்தமாகிவிடும் என்று தேர்வு முடியும்வரை தள்ளிப்போடலாமா?*

தள்ளிப்போடாதீர்கள். இப்போது அவனால் படிக்க முடியாமல் இருப்பதற்கு நோய்தான் முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். தூக்கம் அதிகம் தராத மருந்துகள் இருக்கின்றன. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் புதிதாகத் தொடங்குவதோ அளவை மாற்றுவதோ கூடாது. அதனால் இப்போதே தொடங்கினால்தான் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். அவன் வயதுக்கு நான் சொன்ன முதல் மாத எச்சரிக்கையும் பொருந்தும். தேர்வு அடுத்த வருஷமும் வரும்.

*ஞாபக சக்தியைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரை வந்திருக்கிறதாமே?*

வோர்டியாக்ஸெடினைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் சொன்ன எண்–குறியீடு சோதனையில் அது மனச்சோர்வு நோயாளிகளின் மதிப்பெண்ணை உயர்த்தியதாக வந்த தகவல், 2018ல் அமெரிக்காவில் அதன் மருந்துக் குறிப்பில் சேர்க்கப்பட்டது. அது உண்மை. ஆனால் அது ஞாபக சக்தி டானிக் அல்ல. நோயில்லாதவர் சாப்பிட்டு ஆகப்போவது எதுவும் இல்லை. உங்களுக்கு இப்போதிருக்கும் மருந்தே நன்றாக வேலை செய்தால் மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

*சங்கம் வேலைக்கு வைக்கும் டிரைவர்களிடம், பள்ளி வேன் ஓட்டுகிறவர்களிடம், என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று எழுதி வாங்கலாமா?*

வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை அங்கீகரிக்கிறது. அதைவிட முக்கியம், எழுதி வாங்கினால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள், சிலர் மருந்தையே விட்டுவிடுவார்கள். காலையில் டிரைவர் கண் சொருகி, தள்ளாடி வந்தால் காரணம் எதுவானாலும் அன்று அவர் ஓட்ட வேண்டாம், அன்றைய சம்பளமும் பிடிக்கப்படாது என்று விதி வையுங்கள். சம்பளம் போகாது என்று தெரிந்தால்தான் "இன்னைக்கு முடியல சார்" என்று அவரே வந்து சொல்வார்.

*தினமும் நடந்தால் மாத்திரை தேவையில்லை என்கிறார்களே?*

நடப்பது மிக நல்லது. லேசான மனச்சோர்வில் உடற்பயிற்சியும் பேச்சுவழிச் சிகிச்சையுமே போதுமானவர்கள் இருக்கிறார்கள். நோய் தீவிரமானவருக்கு நடக்கக் காலே எழாது. அவரைப் பார்த்து "எழுந்து நாலு ரவுண்டு போயிட்டு வா" என்பது, கால் முறிந்தவரை ஓடச் சொல்வது மாதிரி. மாத்திரை அவரை எழுப்பட்டும். எழுந்த பிறகு காலையில் நீங்கள் நடக்கப் போகும்போது அவர் வீட்டு மணியை அடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.